உங்கம்மா வாய்விட்டு ஜெபிக்காத நாட்கள்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உடம்புக்கு என்று எழுதியிருக்கிறேன் பார், மனசைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய், போனில் பேசினால் உங்கம்மா பக்கத்தில் வந்து நிற்பாள், நான் பேசுவதைவிட அவள் எடுத்துக்கொடுப்பதுதான் அதிகமாக இருக்கும், அதனால் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன். நடுவில் எழுத்து கோணிக்கொண்டு போனால், யாரோ கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள், எழுந்து போய் வந்திருக்கிறேன் என்று புரிந்துகொள்.

உன் தம்பி ஏசி மெக்கானிக்கிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், தினமும் தூசியில் புரண்டு வந்து சோபாவில் உட்கார்ந்து திட்டு வாங்குகிறான். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. உங்கம்மா மருந்துக்கடை வேலைக்குப் போய்வருகிறாள், முட்டிவலி இருக்கிறது, ஆனால் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள மாட்டாள். எனக்குத்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. போன வாரம் ஒரு பெரியவருக்கு வலது கண் வில்லையை இடது பக்கத்திலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டேன், மனுஷன் கடை வாசலில் நின்று காலால் படியைத் தேடுகிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூத்து நடந்ததே இல்லை. வீட்டிலும் முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன், உட்காருங்களேன், பாக்குற எனக்குத் தலை சுத்துது என்று உங்கம்மா சொல்கிறாள். எதனால் இந்த நடை என்று சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருந்தால் எனக்கு வெடித்துவிடும்.

நீ அந்தக் குளிர் ஊருக்கு வேலைக்குப் போனதிலிருந்து சாயங்கால ஜெபத்துக்கு உன் நாற்காலியில் போனைச் சாய்த்து வைத்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம் அல்லவா. முதலில் நீயும் ஒரு வசனம் வாசித்தாய், உன் முறை வந்தபோது ஜெபித்தாய். அப்புறம் லைன் சரியில்லைப்பா என்றாய், அப்புறம் ஆமென் மட்டும் வந்தது, அப்புறம் முகம் போய்விட்டது, கடைசியில் சத்தமும் போய்விட்டது. அக்கா மியூட்ல போட்டுட்டு வேலையைப் பாக்குறா என்று தம்பி சொன்னதற்கு உங்கம்மா அவனை முறைத்த முறைப்பில் அவன் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. பரிசோதனைக்கூடத்தில் ஷிப்ட் முடித்துக் களைத்து வருகிற பிள்ளை, காதிலாவது விழட்டும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

கடைசியாக உன்னை ஜெபத்துக்குக் கூப்பிட்ட அன்றைக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதே எனக்குப் பிடிபடவில்லை. உங்கம்மா ஜெபித்துக்கொண்டிருந்தாள். கர்த்தாவே, தூரத்துல இருக்கிற எங்க பிள்ளை ஞாயித்துக்கிழமை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்காம சபைக்குப் போக அவளை நீரே எழுப்பிவிடும், கண்ட நேரத்துல கண்டதைத் தின்னாதபடி காத்துக்கொள்ளும் என்கிற இடத்தில் இருந்தாள். அப்போது போனில் தண்ணீர் ஓடுகிற சத்தம், பாத்திரச் சத்தம். உன் கை எங்கேயோ பட்டு மியூட் எடுபட்டிருக்கிறது. உன்னோடு தங்கியிருக்கிற பெண் என்னடி அது ரேடியோவா என்று கேட்கிறாள். நீ சொல்கிறாய், எங்க வீட்டு ஜெபம், அது பாட்டுக்கு ஓடும் விடு, எங்கம்மா இப்போ கடவுள்கிட்ட சொல்ற மாதிரி என்னைத்தான் திட்டிக்கிட்டிருக்காங்க என்று. இரண்டு பேரும் சிரித்தீர்கள். தம்பி பாய்ந்துபோய்ப் போனைத் துண்டித்தான். உங்கம்மா ஆமென்கூடச் சொல்லவில்லை, கண்ணைத் திறந்தாள், எழுந்துபோய்ச் சாப்பாடு எடுத்துவைத்தாள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உன்மேல் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, பாவி நீ சொன்னது நிஜம்தானே. எனக்கும் அதே வைத்தியம்தான் நடக்கிறது. குடும்பத் தலைவர் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுகிற சுபாவத்தை மாற்றும் ஆண்டவரே என்று நான் எதிரில் முழங்காலில் இருக்கும்போதே கேட்பாள். நம்மிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் மேலே அனுப்பி, அங்கிருந்து நம் தலையில் இறக்குவாள். அதிலும் உன் விஷயம் என்றால் போனுக்குக் கேட்கிற மாதிரி குரல் கொஞ்சம் உயரும். இதெல்லாம் எனக்கும் தெரியும், ஆனால் எந்தத் தாய் செய்யவில்லை என்று விட்டுவிட்டேன்.

இப்போது பிரச்சினை அதுவல்ல. அன்றையிலிருந்து அவள் வாய்விட்டு ஜெபிப்பதில்லை. வசனம் வாசிக்கிறாள், அவள் முறை வந்தால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், நாங்கள் காத்திருந்துவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். சாப்பாடு ஆறிப்போகிற அளவுக்கு ஜெபிக்கிறவள் இவள். சபையில் பெண்கள் கூட்டத்தை நடத்தக் கேட்டார்களாம், தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை, சிலிண்டர் கொண்டுவந்தவனை அன்றைக்குத்தான் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டாள். ஜெபத்துக்கு உன்னைக் கூப்பிடலாமா என்றால், வேண்டாங்க, அவ வேலையா இருப்பா என்கிறாள். நீயும் ஏன் ஜெபத்துக்குக் கூப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை பேசுகிறாய், குளிர் என்கிறாய், சாப்பிட்டேன் என்கிறாய், வைத்துவிடுகிறாய். ஒரே வீட்டில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டால் கதவைத் தட்டலாம், இதற்கு நான் எந்தக் கதவைத் தட்டுவது சொல்.

நீ கிண்டல் செய்ததில் எனக்கு வருத்தமில்லை அம்மாடி. அது பாட்டுக்கு ஓடும் என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் ஜெபம் அது பாட்டுக்கு ஓடட்டும், உனக்கென்று ஒன்று ஓடுகிறதா. சின்னதில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போன மாதிரி ஆண்டவரிடமும் நாங்களே தூக்கிக்கொண்டு போனோம், நீயாக இறங்கி நடந்தாயா இல்லையா என்று நான் கேட்டதே இல்லை. பெரிதாக ஒன்றும் வேண்டாம், வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு வாக்கியம் போதும். அவர்மேல் கோபம் இருந்தால் கோபம் என்றே சொல், அவர் தாங்குவார். பக்கத்தில் ஒரு சபை இருந்தால் கடைசி பெஞ்சில் போய் உட்கார், பாஷை புரியாவிட்டாலும் பத்துப் பேரோடு சேர்ந்து தலைகுனிகிறது ஒரு பலம், தனியாக எரிகிற விறகு சீக்கிரம் அணைந்துபோகும். வேதத்தை எடுத்தால் நீளமாக வாசிக்க வேண்டும் என்று பயந்துதான் பாதிப்பேர் எடுப்பதே இல்லை, நீ நாலு வரி வாசித்துவிட்டு மூடு. பார், நானும் ஆரம்பித்துவிட்டேன். அவளாவது ஆண்டவர் வழியாகச் சொன்னாள், நான் நேராகவே போடுகிறேன்.

நம்பிக்கையே போய்விட்டது என்றால் அதையும் சொல்லிவிடு. நான் மயங்கி விழமாட்டேன். ஒரு வேளை சாப்பாடு இறங்காது, அப்புறம் சாப்பிடுவேன், உனக்கு அப்பாவாகத்தான் இருப்பேன். தெரியாமல் நடந்துகொண்டே இருப்பதுதான் என்னால் ஆகவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். ஜெபம் முடிந்து தம்பி வெளியே போய்விட்டான், நான் குழாயைப் பார்க்கக் குளியலறைக்குப் போனேன். திரும்பி வந்தால் உங்கம்மா உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கண் திறந்தே இருக்கிறது, மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஆண்டவரே, அவளைப் பத்தி உம்மகிட்ட சொல்லிச் சொல்லியே அவகிட்ட பேசறதை விட்டுட்டேன், உம்மை இன்னும் நம்புறியான்னு அவகிட்ட கேக்க எனக்கு பயமா இருக்கு, இல்லைன்னு சொல்லிட்டா நான் என்ன செய்வேன், நான் கேக்காட்டியும் நீர் அவளை விட்டுடாதேயும் என்றாள். அப்படியே திரும்பத் திரும்ப, விட்டுடாதேயும், விட்டுடாதேயும் என்று. போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. நான் உள்ளே போகவில்லை, கையில் ஸ்பேனரோடு அந்தப் பக்கமே நின்றேன், எனக்கும் அழுகை வந்துவிட்டது. உன்னைப் பற்றி அவள் செய்த ஜெபங்களில் உனக்குக் கேட்காமல் செய்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நான் கேட்டேன் என்று அவளுக்குத் தெரியாது, உனக்கு எழுதிவிட்டேன் என்று தெரிந்தால் என்னைப் பற்றியும் மேலே புகார் போகும்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, நீ தொடுகிற வேலையை வாய்க்கப்பண்ணி, தனியாக இருக்கிற நேரத்தில் உன் பக்கத்தில் இருப்பாராக. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஒன்றே ஒன்று மறக்காதே, நாங்கள் இனி கூப்பிட மாட்டோம், நீதான் கூப்பிட வேண்டும். ஜெப நேரத்தில் வேண்டாம், சும்மா ஒரு நேரத்தில் கூப்பிடு. உன் குரலைக் கேட்டதும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரே என்று ஆரம்பிப்பாள். கண்ணைத் திறம்மா, என்கிட்ட பேசும்மா என்று சொல்.

உன் குரலுக்குக் காத்திருக்கிற,
அப்பா