பாஸில் என் பெயர்

ஸ்ரீரங்கம்,
8-1-1962

என் கண்ணு பவுனுக்கு அப்பாயி மயிலம்மாள் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூவருக்கும் ரங்கநாதர் துணை.

'பாஸ்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று டீச்சர் கேட்டதாக எழுதியிருந்தாய். அஞ்சாவது படித்தவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் அப்பன் காத்தமுத்து வருஷா வருஷம் என் பெயரையும் போட்டு ரயில்வேயில் வாங்குகிற காகிதம். அதைக் காட்டித்தானே நான் டிக்கெட் எடுக்காமல் அரக்கோணம் வருகிறேன். மீதி அர்த்தத்தை எழுது.

ஒரு சேதி. போன வாரம் ரயில்வே இன்ஸ்பெக்டர் ஒருத்தர் அம்மா மண்டபத்துப் பூக்கடைக்கே வந்துவிட்டார். "உங்களைக் காப்பாத்துறது யாரும்மா, மகனா?" என்றார். பக்கத்துக் கடைக்காரிகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். "இந்தக் கை காப்பாத்துது. மகன் சோத்தை எதிர்பார்த்து ஒருநாளும் உட்கார்ந்ததில்லைங்க" என்றேன். எழுதிக்கொண்டு, ரேகை வைக்க மையை நீட்டினார். நான் பேனாவை வாங்கி முழுப் பெயரும் எழுதினேன். நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்பாயி,
மயிலம்மாள்


அரக்கோணம்,
19-2-1962

அன்புள்ள அப்பாயிக்கு,

கேட்டதை முதலில் எழுதுகிறேன். பரீட்சையில் தேறுவது, பந்தைத் தள்ளிவிடுவது, மலைக்கு நடுவே போகும் வழி, பொழுது கழிவது, செத்துப்போவது. எல்லாம் பாஸ்தானாம்.

அப்பாயி, தாயார் மகனையே நம்பி இருந்தால்தான் பாஸில் பெயர் போடலாமாம். அப்பா பதினோரு வருஷமாக அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது அது பொய்க் கணக்காகிவிட்டது. சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். "ஆமாங்க, மகன்தான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் முத்து உதிர்ந்திடுமா?" என்கிறாள் அம்மா. அப்பா திட்டவில்லை. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போன காகிதத்தை ஆபீசில் காட்டினார்களாம். "அம்மா கையெழுத்து நல்லாயிருந்துச்சு" என்றார், அவ்வளவுதான்.

பவுனம்மாள்


ஸ்ரீரங்கம்,
27-2-1962

பவுனு,

கடையைப் பக்கத்துக் கடைக் காளியாயிக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். மனு எழுதுகிறவரிடம் போகவில்லை, நானே எழுதினேன். நான் சொன்னது வீம்பு, மகன் போடும் சோற்றில்தான் உயிர் வைத்திருக்கிறேன், வேறு நாதியில்லை என்று. நாலு தாள் கிழிந்தது. திருச்சிக்குப் போய் அந்த இன்ஸ்பெக்டர் கையிலேயே கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"அன்னைக்குச் சொன்னதுதான் உண்மைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்மா" என்றார்.

வாங்கி வைத்துக்கொண்டார். அப்பனிடம் சொல்.

மயிலம்மாள்


அரக்கோணம்,
12-4-1962

அப்பாயி,

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அப்பாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து அடுத்த புதன்கிழமை பகல் வண்டியில் தொட்டியத்துக்கு, மாமா வீட்டுக்குப் போகிறோம். வாழைத்தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை. வண்டி ஸ்ரீரங்கத்தில் நிற்கும், இறங்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா தலையாட்டினார். பரீட்சை எழுதிவிட்டேன். இனி எழுத முடியாது.

பவுனு


ஸ்ரீரங்கம்,
20-6-1962

கண்ணு பவுனுக்கு,

தொட்டியத்துக்குப் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. குறை சொல்லவில்லை.

நீங்கள் போன அன்று ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன். பிளாட்பாரத்தில் ஏறவில்லை. வேலிக்கு வெளியே நின்றேன். ஜன்னல் ஓரம் உன் அப்பன் தலை தெரிந்தது. நரைத்திருக்கிறது.

ரிசல்ட் வந்திருக்கும். பாஸா என்று மட்டும் எழுது. உன் வாத்தியாரம்மா சொன்ன மற்ற அர்த்தமெல்லாம் எனக்கு வேண்டாம்.

இதனுடன் ஒரு கார்டு வைத்திருக்கிறேன். விலாசம் நானே எழுதிவிட்டேன். எழுதக் கூடாது என்றால் எழுத வேண்டாம், வெறும் கார்டாகவே தபாலில் போடு. என் எழுத்துதான் எனக்குத் திரும்பி வரும். ஆனாலும் நீ தொட்டது என்று இருக்கும்.

மயிலம்மாள்