டின்னி சாகாத ஞாயிறு

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மதியம் கொஞ்சம் விட்டதும் மைதானத்துப் புல்லை வெட்டப் போனேன். பாதி முடிவதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே மீதியையும் வெட்டினேன். யாருக்காக வெட்டுகிறாய் என்று கேட்க ஊரில் ஆளில்லை, அட்ராக்டாவைத் தவிர. "இடுப்புல இரும்பு வெச்சிருக்கு. துருப்பிடிச்சா என்கிட்ட வராத" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் அன்பு காட்டுகிறாள்.

சாயங்காலம் கிளப் செயலாளர் பெர்னி போன் செய்தாள். இருபத்தைந்தாம் தேதி பக்கத்து ஊர் ட்ரம்சல்லாவோடு கேலிக் கால்பந்து ஆட்டம். பதினைந்து பேர் வேண்டும், இருப்பது பதின்மூன்று. ஜூலையில் ஆள் சேராமல் ஏற்கெனவே ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாயிற்று. இன்னொன்றையும் விட்டால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அப்புறம் எங்கள் ஊர் கில்லரீ என்று ஓர் அணி இருக்காது, ட்ரம்சல்லாவோடு சேர்த்துவிடுவார்கள்.

போஸ்டனுக்குக் கோடை வேலைக்குப் போன க்வின் வீட்டுப் பையன்கள் இருவரும் முப்பதாம் தேதிதான் வருகிறார்களாம். "ஒரே ஒரு வாரம் தள்ளிப்போனாப் போதும் லோர்க்கன்" என்றாள்.

போட்டி நடத்தும் சங்கம் எதற்கும் தள்ளிவைக்காது. கிளப் ஆள் யாராவது செத்தால் மட்டும் தள்ளிவைக்கும்.

ஆகஸ்ட் 7

ட்ரம்சல்லாவோடு சேர்வதா! என் அப்பா அந்த ஊர் மாட்டின் பாலைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசை முடிந்து எங்கள் பழைய கோல்கீப்பர் டின்னியைப் பார்க்கப் போனேன். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது. ஆஸ்பத்திரியில் இனி வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா கோன்செப்டா பார்த்துக்கொள்கிறாள். கோல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற உடம்பு, இப்போது கட்டிலில் பாதிகூட இல்லை. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"வாங்க கேப்டன். ஆள் சேந்தாச்சா?"

பதின்மூன்று என்றேன். கண்ணை மூடி யோசித்தான்.

"நான் செத்தா ஆட்டம் தள்ளிப்போகும்ல?"

"வாயக் கழுவுடா."

"சும்மா கேக்கறேன். வெள்ளிக்கிழமை போனா சரியா இருக்குமா? சனிக்கிழமைன்னா சங்கத்துல எவனும் போன எடுக்க மாட்டான்."

இருவரும் சிரித்தோம். வண்டியில் ஏறி, தேவாலயத் திருப்பம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் ஓரமாக நிறுத்தி அழுதேன்.

தொண்ணூற்றொன்பதில் மாவட்டக் கோப்பையை வென்றோம், கில்லரீயின் வரலாற்றில் ஒரே தடவை. கடைசி நிமிடத்தில் பெனால்டியைத் தடுத்தது டின்னி, கோப்பையைத் தூக்கியது நான். கேப்டன் என்றால் அவ்வளவுதான், அடுத்தவன் தடுத்ததைத் தூக்கிக் காட்டுகிறவன். கோப்பை வென்ற கிளப்தான் மறு வருடம் மாவட்ட அணிக்குக் கேப்டனைச் சொல்லும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. கிளப் என் பெயரைச் சொன்னது. ஆனால் மாவட்ட அணியின் பதினைந்து பேரில் எனக்கு இடமே கிடைக்கவில்லை. ஒரு கோடை முழுக்க, கேப்டனாக, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாணயம் சுண்டக்கூட வேறொருவன் போனான். இறுதி ஆட்டத்தில் கடைசி சில நிமிடங்களுக்கு இறக்கிவிட்டார்கள். ஒருவேளை ஜெயித்தால், கோப்பையைத் தூக்குகிறவன் சட்டையில் கொஞ்சமாவது சேறு இருக்க வேண்டுமே. தோற்றோம். சட்டை சுத்தமாகவே இருந்தது.

அன்று உடை மாற்றும் அறைக்கு வெளியே டின்னி காத்திருந்தான். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "சட்டையத் துவைக்க வேணாம், அப்படியே மடிச்சு வெச்சிடு" என்றான். அவன் மட்டும்தான் அதைச் சொல்லியிருக்க முடியும்.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். டின்னிக்காக வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டும் என்று மாதாவிடம் தெளிவாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பதினான்காவது ஆளாக நானே நின்றால் என்ன? ஓட வேண்டாம், ஒரு மூலையில் நின்றால் போதும். பூட்ஸைத் தேடினேன். கொல்லைப்புறத்தில் இருந்தது. அட்ராக்டா இரண்டிலும் மண் போட்டு ஜெரேனியம் நட்டிருக்கிறாள். பூவும் விட்டிருக்கிறது.

நின்றாலும் இன்னும் ஒருவன் குறைகிறான்.

பெர்னி வேறொரு செய்தியும் சொன்னாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு ஜெயித்த அணியை மாவட்ட இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் அழைத்துக் கௌரவிப்பார்கள். இந்த வருடம் எங்கள் முறை. அக்டோபரில். எல்லோருக்கும் ஒரே மாதிரி கோட்டாம், தோள் அளவு கேட்டாள். டின்னிக்கு என்ன அளவு சொல்வது? பழைய அளவையே சொன்னேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எழுதவே கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

காலையில் போனேன். டின்னி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ராத்திரி நல்லாத் தூங்கினான், கடவுள் புண்ணியம்" என்றாள் கோன்செப்டா. எனக்குள் என்னவோ பொசுக்கென்று இறங்கியது. ஏமாற்றம்தான் அது, வேறு பெயரில்லை. என்ன மனுஷன்டா நீ? பள்ளிக்கூடத்துலருந்து கூட வந்தவன், முட்டை திங்கிறான்னு உனக்கு வருத்தமா?

டின்னி என் முகத்தைப் பார்த்துவிட்டான். "மன்னிச்சுக்க கேப்டன், என்னால முடிஞ்சவரைக்கும் முயற்சி பண்றேன்" என்றான். கோன்செப்டாவுக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

மதியம் டின்னிக்கு மூச்சு வாங்கியது. சாமியாரை அழைத்து, சாகப்போகிறவருக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார்கள். நானும் கட்டிலருகில் முழந்தாளிட்டேன். எண்ணெய் பூசி முடித்த கையோடு அவன் கண்ணைத் திறந்து ஐஸ்கிரீம் கேட்டான்.

சாமியார் வண்டி வாசலில் நின்றதை ஊரே பார்த்திருக்கிறது. நான் வீடு திரும்புவதற்குள் அட்ராக்டாவிடம் நாலு பேர் துக்கம் விசாரித்துவிட்டார்கள். ஒருத்தி தட்டு நிறைய ஹாம் சாண்ட்விச் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அப்புறம் யூனன் மக்லின் போன் செய்தான். ட்ரம்சல்லா அணியின் மேலாளர். தொண்ணூற்றொன்பது இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிரே நின்ற கேப்டன். அன்று அந்தப் பெனால்டியை அடித்தவனும் அவன்தான்.

"டின்னி போய்ட்டான்னு கேள்விப்பட்டேன்."

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. நாக்கு எழவில்லை.

"சரி" என்றான் யூனன். "நாளைக்கு ஆட முடியாது. சங்கத்துக்கிட்ட நான் பேசிக்கறேன். நீ எதுவும் பேச வேணாம்."

ஆட்டம் செப்டம்பர் முதல் தேதிக்குத் தள்ளிப்போனது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூசையில் சாமியாரே பீடத்தில் நின்று சொல்ல வேண்டியதாயிற்று: டென்னிஸ் கில்வாரி உயிரோடிருக்கிறார், தயவுசெய்து அவர் வீட்டுக்கு இனி பூ அனுப்ப வேண்டாம்.

டின்னிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "என்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னானுங்களா? யாராவது அழுதாங்களா? சாண்ட்விச் எங்க?" என்று அடுக்கினான். சங்கத்துக்காரன் ஒருவன் பெர்னியைப் பிடித்துக் கத்தியிருக்கிறான். கத்தட்டும். புதுத் தேதி போட்டது போட்டதுதான். டின்னி என் கையைப் பிடித்து, "பெனால்டிக்கு அப்புறம் கிளப்புக்காக நான் பண்ணின ஒரே உருப்படியான காரியம்டா இது. சும்மா படுத்துக்கிட்டே பண்ணிட்டேன்" என்றான்.

ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

க்வின் பையன்கள் வரவில்லை. அங்கேயே கட்டட வேலை நிரந்தரமாகக் கிடைத்துவிட்டதாம். மூத்தவன் போனில் நேராகவே சொன்னான்: "அங்க வந்து என்ன பண்றது, மாமா?"



டின்னியிடம் சொல்லவில்லை. பையன்கள் விமானம் ஏறிவிட்டார்கள் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 31, சனி

டின்னி போய்விட்டான். சாயங்காலம், வானொலியில் ஆட்ட முடிவுகள் வாசித்துக்கொண்டிருந்தபோது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பெர்னி அழுதுகொண்டே சங்கத்துக்குப் போன் செய்தாள். "அவருக்காகத்தான் போன வாரமே தள்ளிவெச்சோமே. ஒரு ஆளுக்கு ஒரு தடவைதாம்மா" என்று சொல்லிவிட்டார்களாம். அவளுக்கு ஆத்திரம். எனக்கு அதுகூட வரவில்லை. இன்னும் பத்து வாரம் தள்ளிவைத்தாலும் பதினைந்து எங்கிருந்து வரும்?

செப்டம்பர் 1, ஞாயிறு

எதிரணி வராவிட்டாலும் வந்த அணி மைதானத்தில் இறங்கி நிற்க வேண்டும். நின்றால்தான் வெற்றி கணக்கில் ஏறும். ட்ரம்சல்லா உடை மாற்றி வந்து நின்றது. எங்கள் பக்கம் ஒருவரும் இல்லை. எல்லோரும் டின்னி வீட்டில். மைதானத்தைத் திறந்துவிட ஒருவன் வேண்டுமே என்று நான் மட்டும் போயிருந்தேன்.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். யூனன் கையைக் காட்டி நிறுத்தினான். அவனுடைய பையன்கள் காலியாகக் கிடந்த எங்கள் கோலைப் பார்த்து வரிசையாக நின்று தலைகுனிந்தார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு நடுவர் விசில் ஊதினார், பந்தை ஒரு தடவை மேலே போட்டார், அவ்வளவுதான். கில்லரீ முடிந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

அடக்கம். பெட்டிமேல் அவனுடைய ஒன்றாம் எண் சட்டையைப் போர்த்தினோம். தேவாலய வாசலிலிருந்து கல்லறை வரை கிளப் சட்டையில் இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். ஒரு பக்கம் நாங்கள் நின்றோம். மறுபக்கம் ட்ரம்சல்லா, அவர்கள் சட்டையில். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

பிறகு மதுக்கடையில் யூனனை ஓரமாக அழைத்தேன். அன்றைக்கு போனில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"விடுடா" என்றான். "உனக்கு போன் பண்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நாற்சந்திக் கடையில கோன்செப்டா ஐஸ்கிரீம் வாங்கிட்டு இருந்தா. செத்தவன் வீட்டுக்கு யாருடா ஐஸ்கிரீம் வாங்குவா?"

"அப்புறம் ஏன்டா?" என்றேன்.

"பதினஞ்சு பேர் இல்லாத ஊர ஜெயிச்சு நான் என்ன பண்றது?" கிளாஸைக் காலி செய்தான். "எங்ககிட்ட மட்டும் என்ன வாழுது. பதினாறு பேர் இருக்கோம். அதுல ரெண்டு பேரு இந்தக் குளிர்காலம் சிட்னி போறானுங்க."

அக்டோபர் 20, ஞாயிறு

கோட்டு கச்சிதமாக இருந்தது. மாவட்ட இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் ஒலிபெருக்கியில் எண் வரிசைப்படி அழைத்தார்கள். ஒன்று, டென்னிஸ் கில்வாரி. யாரும் நடக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ட்ரம்சல்லாக்காரர்கள்தான் முதலில் எழுந்து நின்றார்கள். கடைசியாக, "முன்னாள் கில்லரீ கிளப்பின் கேப்டன்" என்று என் பெயர். நொண்டிக்கொண்டே போய்க் கையசைத்தேன். முன்னாள் என்றது உனக்கா கிளப்புக்கா என்று அட்ராக்டா கேட்டாள். இரண்டுக்கும்தான்.

வெளியே யூனனிடம் மைதானத்துச் சாவியைக் கொடுத்தேன். அடுத்த வருடம் இரண்டு ஊரும் சேர்ந்த அணி அங்கேதான் பயிற்சி செய்யப்போகிறது. நேற்றே வந்து சுற்றிப் பார்த்தானாம்.

"கோல் முன்னாடி என்ன போட்ட?" என்று கேட்டான். "எங்க ஊர்ல வருஷம் பூராவும் சேறுதான். இங்க புல்லு இப்படி வந்திருக்கு!"

"ஒண்ணும் போடல. யாரும் ஆடல, அவ்வளவுதான்" என்றேன்.