போடாமல் விட்ட குரல்

அம்மருட், ஒஸ்லோ
நவம்பர்

அன்பு மகள் கம்சாயினிக்கு,

மெல்பேணில் நீயும் மருமகனும் வர்சாக்குட்டியும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்தபடியே எழுதுகிறேன். எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. இம்முறை பனி முந்திக் கொட்டிவிட்டது, ஆணி பூட்டிய சப்பாத்தோடுதான் வெளியே போகிறேன், நீ யோசிக்காதே.

பாட்டு உரிமைப் பிரச்சினை என்று அந்த வீடியோத் தளம் எங்கள் பழைய வானொலிப் பதிவுகளை எல்லாம் தூக்கிவிட்ட பிறகு, பிளாக்செயினில் இயங்கும் ஒரு வலையமைப்பில் போடுவோம் என்று கேட்டிருந்தாய். ஒருமுறை வெளியிட்டால் பல நாட்டுக் கணினிகளில் பிரதி இருக்கும், எந்த நிறுவனமும் எடுக்க முடியாது, நாங்களே நினைத்தாலும் அழிக்க முடியாது என்று நீ சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. அந்தக் குரல்கள் எங்களுடையவை மட்டும் இல்லையே. அதனால் பேசியவர்களைத் தேடித் தேடிக் கேட்டேன். கேட்கக் கேட்க அந்த ஞாயிறு பின்னேரங்கள் திரும்பி வந்தன. குறூருட்டில் எங்கள் வானொலி நடந்த நிலவறையில் ஒலிவாங்கிக்கு முன்னால் நான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா, வாசலில் ஈரச் சப்பாத்துகள், ஓயாத தொலைபேசி. வேலைக் களையோடு இளம்பிள்ளைகள் கூப்பிட்டு ஊரில் உள்ளவர்களுக்கு வாழ்த்துச் சொல்வார்கள், நாங்கள் கசெற்றில் பதிந்து, ஒரு பிரதியை ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவோம். இப்போது கேட்டபோது அநேகர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். சிறீஸ்கந்தராசா மாமா தன் பாட்டைக் கேட்டுவிட்டு, இந்தச் சுருதியோடா காலமெல்லாம் இருக்கப்போகிறேன் என்று நொந்துகொண்டு, பரவாயில்லை போடு என்றார்.

மரியமலரிடம் கேட்கத்தான் தயங்கினேன். அவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த பையன் அப்போது வன்னியில் இருந்தார், அவருக்குச் சொன்ன வாழ்த்து அது. பிறகு அவர் காணாமல் போனது உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதிவைப் போடாமல் விட எனக்கு மனமில்லை. அவள் சொல்ல வந்ததை முடிக்க முடியாமல் நின்ற இடத்தில் அப்பா கதைப்பது அதில் விழுந்திருக்கிறது. ஒருநாளும் ஒலிவாங்கிப் பக்கம் வராத மனிதர், அவர் கண்மூடிய பிறகு எங்களிடம் மிஞ்சிய அவருடைய குரல் அது ஒன்றுதான். லோறென்ஸ்கூக்கில் அவள் வீட்டுக் குசினியில் வைத்து அந்தப் பதிவைப் போனில் போட்டுக் காட்டினேன். கணவர் மகேந்திரராசாவும் பக்கத்தில் இருந்து கேட்டார், தனக்கு ஒன்றுமில்லை, அவள் விருப்பம் என்றார். அவள் இன்னொருமுறை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அக்கா, அது நான் அவருக்கெண்டு சொன்னது. அவர் கேட்டவரோ எண்டே தெரியாது. மற்ற ஆக்கள் கேக்க வேண்டாம்" என்றாள். ஓம் என்று சொல்லிப் போனைப் பைக்குள் வைத்தேன். அவள்தான் என் கையைப் பிடித்து, "அண்ணையின்ரை குரலை மட்டும் வெட்டி எடுங்கோ. அது அழியாமல் இருக்கட்டும்" என்றாள்.

பக்கத்து வீட்டு யதுர்ஷா வெட்டித் தந்தாள். மிச்சத்தை நான் அழித்துவிட்டேன், கசெற்றை மரியமலரிடமே கொடுத்துவிட்டேன். உன்னிடம் உள்ள முழுப் பிரதியையும் மறக்காமல் அழித்துவிடு, தவறி ஏற்றினால் பிறகு ஒருவராலும் திருப்பி எடுக்க முடியாது. மற்றவற்றைத் தாராளமாகப் போடு. அப்பாவின் துண்டை வட்சப்பில் அனுப்பியிருக்கிறேன், அதையே முதலில் வெளியிடு, வர்சாவுக்கும் போட்டுக் காட்டு. "புஷ்பம், நேரம் கிடக்கு, அந்தப் பிள்ளையை அவசரப்படுத்தாதை" என்கிறார், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நல்லாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா
புஷ்பமலர்