எல்லாருக்கும் கேட்கும் சங்கு

ஐப்பசி 9, ஞாயிறு இரவு

பெரிய பேரனுக்கு நிலக்கரி மைன்ஸ் வேலை பர்மனென்ட் ஆகிவிட்டது. சின்னவன் பத்தாவதில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தான். பேத்தி கயல் பெங்களூரில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஐந்தாவதோடு நின்ற எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்று போனில் அவள், "நாள் முழுக்க சுகரோட மல்லுக்கட்டிகினு இருக்கேன் ஆயா" என்றாள். "உனக்குமாடி?" என்று பதறினேன். என் சுகர் வியாதி அவளுக்கும் போய்விட்டதோ?

"ஐயோ, எனக்கில்ல ஆயா! லேப்ல வளக்குற செல்லுக்குச் சர்க்கரை போட்டுப் பாக்குறேன். சர்க்கரை வந்தா உள்ள சில ஜீன் முழிச்சிக்கும், சிலது தூங்கிடும். ஹார்மோனும் அப்படித்தான். ரத்தத்துல எல்லா எடத்துக்கும் போவும், ஆனா அதுக்குன்னு இருக்கிற செல்லுக்குத்தான் கேக்கும்."

"நம்ம மைன்ஸ் சங்கு மாதிரின்னு சொல்லு."

சிரித்துவிட்டாள். உண்மைதானே? விடியலில் சங்கு ஊதினால் எங்கள் குடியிருப்பு பிளாக் முழுக்கக் கேட்கும். முதல் ஷிஃப்ட் என்றால் இவள் தாத்தா எழுந்து சைக்கிளைத் துடைப்பார். இரண்டாம் ஷிஃப்ட்காரர்கள் புரண்டு படுப்பார்கள். இப்போது எழுந்துகொள்ள அவர் இல்லை. நான்தான் எழுந்து உட்காருகிறேன்.

"எனக்கு வந்தது உனக்கும் வருமாடி?"

"அந்த ஜீன் இருக்கலாம் ஆயா. இருந்தா மட்டும் வந்துடுமா? சங்கு ஊதணுமே."

போன தடவை அனுப்பிய படத்தில் அவள் கன்னம் ஒட்டியிருந்தது. எனக்கும் சுகர் வந்த புதிதில் அப்படித்தான் இளைத்தது. அதைக் கேட்காமல், நாளை போனில் இதைத்தான் சொல்லப்போகிறேன்:

கயலு, முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு. போனில் வேண்டாம், கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.