அடியில்லாத கூடை

ஜூன் 8, வெள்ளி
சந்தை நாள். சேப்பங்கிழங்கு எல்லாம் மதியத்துக்குள் போயிற்று. அதிகாரி ஒருத்தர் ஒலிபெருக்கியோடு மேசை மேசையாக வந்து, ஜூலை முதல் தேதியிலிருந்து விலா நகரத்தில் பிளாஸ்டிக் பை யாரும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அபராதம் என்றார். என் மேசைக்கடியில் மஞ்சள் பிளாஸ்டிக் பை இரண்டரைக் கட்டு இருக்கிறது. பக்கத்து மேசை ஹன்னா, தலையணை உறை தைத்து மிஞ்சிய துணியில் பை தைக்கப் போகிறாளாம். தைக்கட்டும்.

ஜூன் 10, ஞாயிறு
கோயில் ஆராதனையில் என் கூடப்பிறந்த லெய்மாரா அக்கா எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. நானும் இருமவில்லை. பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகிறது.

புயல் அடித்த மறுநாள் எங்கள் தோட்டத்தில் ஒரு கூரைத் தகரம் கிடந்தது. ஊரெல்லாம் யார் தகரம் யார் தோட்டத்தில் என்று தெரியாமல் கிடந்த நேரம். என் வீட்டுக்காரர் கல்தாவ் அதை எங்கள் சமையல் கொட்டகைக் கூரையில் வைத்து ஆணி அறைந்துவிட்டார். இரண்டு வீடு தள்ளி இருக்கிற அக்கா வந்து, அது தன் தகரம் என்றாள். தகரத்தில் பேரா எழுதியிருக்கு என்று கேட்டேன். திருடி என்றாள். அவ்வளவுதான். அவள் கொட்டகையில் அந்த இடத்தில் இன்னும் தார்ப்பாய்தான்.

ஜூன் 29, வெள்ளி
கடைசி மஞ்சள் பையை ஒரு கிழவருக்குக் கொடுத்தேன். அவர் அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, கிழங்கைக் கையில் தூக்கிப் போனார்.

ஜூலை 1, ஞாயிறு
இதை எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

எங்கள் பக்கத்தில் கிழங்கைக் கூடையோடுதான் விற்போம். கூடை என்றால் அன்றன்று பச்சைத் தென்னங்கீற்றில் பின்னுவது. மட்டையைப் பிளந்து விளிம்பாக வைத்து, ஓலையைப் பின்னிக்கொண்டே கீழே வருவது என் வேலை. நுனிகளைச் சேர்த்துச் சடை போட்டு அடியை மூடுவது அக்கா வேலை. சின்ன வயதிலிருந்தே அப்படிப் பழகிவிட்டோம். அம்மாவும் வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று விட்டுவிட்டாள். எனக்கு அடி மூடத் தெரியாது. அக்கா தனியாக முழுக் கூடையும் போடுவாள், நான்தான் கற்றுக்கொள்ளவில்லை. சண்டைக்கு அப்புறம் நான் மஞ்சள் பைக்கு மாறினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரும்தான் மாறினார்கள். மூன்று வருஷம் என் மானத்தைக் காப்பாற்றியது அந்தப் பை.

ஐம்பத்தொரு வயதில், எனக்குக் கூடைக்கு அடி போடத் தெரியாது என்று எவளிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 3, செவ்வாய்
தடைக்குப் பிறகு முதல் சந்தை. ஜனங்கள் எதையெல்லாமோ கொண்டுவந்தார்கள் — பள்ளிக்கூடப் பை, குழந்தை போர்வை, ஒருத்தர் வாளி. நான் பதினைந்து கூடை பின்னி, அடியை நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டி வைத்திருந்தேன். பார்வைக்குக் கூடை மாதிரிதான் இருந்தது.

ஒரு டீச்சரம்மா வாங்கிக்கொண்டு போய் பஸ்ஸில் கால் வைத்ததும் கயிறு நழுவிவிட்டது. கிழங்கு ஒன்றொன்றாகப் படியில் இறங்கி ரோட்டில் உருண்டது. டிரைவர் இறங்கிப் பொறுக்கினார். சந்தை முழுக்கப் பார்த்தது.

மூன்று மேசை தள்ளி இருக்கும் அக்கா, ஹன்னாவிடம் சொல்வதுபோல் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: “கூடைய விக்கிறாளா, ஓட்டைய விக்கிறாளா? கேட்டுச் சொல்லு.”

ஜூலை 6, வெள்ளி
என் மேசைக்கு வந்தவர்கள் எல்லாம் முதலில் கூடையைத் தூக்கி அடியைப் பார்த்தார்கள். பிறகு அக்கா மேசைக்குப் போனார்கள். முக்கால்வாசிக் கிழங்கு வீட்டுக்குத் திரும்பி வந்தது. இப்படி இரண்டு வாரம் போனால் மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். கல்தாவ் அரிசிச் சாக்கைக் கிழித்துப் பை தைக்கச் சொல்கிறார். அதுவும் பிளாஸ்டிக்தான் என்றேன்.

ஜூலை 10, செவ்வாய்
இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அடி மூடாத கூடை ஆறு மேசையோரம் இருந்தது. கீரையை அலசக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தால் ஆறுக்கும் அடி இருந்தது. சடை இடப்பக்கம் சாய்ந்து, நுனி இரண்டு தடவை உள்ளே செருகியிருந்தது. அப்படிச் செருகுகிற கை இந்தத் தீவில் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலில் ஒன்றும் இல்லை.

ஆறும் விற்றுப்போயிற்று.

ஜூலை 11
எதற்குச் செய்தாள்? இரக்கமா? இல்லை, ‘பார், நான் இல்லாமல் நீ பாதிதான்’ என்று காட்டவா? அவள் குணத்துக்கு இரண்டும் இருக்கும்.

ஜூலை 13, வெள்ளி
பத்துக் கூடையை ஓரமாக வைத்துவிட்டு, அலச ஒன்றும் இல்லாமலே குழாயடிக்குப் போய் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். வந்தபோது பத்தும் முடிந்திருந்தது.

“குழாயில அவ்ளோ நேரம் என்ன பண்ணின?” என்றாள் ஹன்னா.

“கால் கழுவினேன்.”

“பத்துக் காலா?”

ஜூலை 17, செவ்வாய்
பன்னிரண்டு கூடை.

ஜூலை 20, வெள்ளி
நேற்று முன்தினம் பெரிய மழை. இன்று சந்தைக்கு வந்தபோது அக்காவின் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. தார்ப்பாய் கிழிந்து அடுப்பு நனைந்து, இரண்டு நாளாக ஈர விறகோடு மல்லுக்கட்டுகிறாள் என்று ஹன்னா சொன்னாள்.

நான் குழாயடிக்குப் போகவில்லை. அக்கா எழுந்து வந்தாள். நான் இருக்கிறேன் என்று தெரிந்தும் எதிரே தரையில் உட்கார்ந்து, முதல் கூடையைக் கவிழ்த்து மடியில் வைத்துச் சடை போட ஆரம்பித்தாள். நான்கு கூடை முடித்தாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்:

“மழை பெய்ஞ்சா உன் அடுப்பு எரியுதுல்ல?”

மூன்று வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. தலையை ஆட்டினேன். சரி என்று அடுத்த கூடையை எடுத்தாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன்.

ஜூலை 21, சனி
தகரத்தில் பேர் எழுதியிருக்கவில்லை. அது உண்மை.

உட்பக்கம் நீலப் பெயின்ட் இருக்கிறது. அத்தான் தன் படகுக்கு அடித்து மிஞ்சியதைத் தகரத்தில் தேய்த்துப் பார்த்த இடம், உள்ளங்கை அகலம். அடுப்பு ஊதக் குனிந்து நிமிர்ந்தால் நேரே அதுதான் தெரியும். மூணு வருஷமா தினமும் பாக்கறேன். தெரியாதுன்னு யார்கிட்ட சொல்லிட்டிருந்தேன்? அவகிட்டயா, என்கிட்டயா? முதல் நாளே தெரியும் எனக்கு. அவ கேட்டு வந்தப்பவே தெரியும். திருடின்னா, ஆமா, திருடிதான்.

ஜூலை 27, வெள்ளி
வருகிற திங்கள் எங்கள் சுதந்திர தின விருந்துக்காகக் கோயிலிலிருந்து முப்பது கூடை கேட்டார்கள். நான் பின்ன, அவள் மூட, மதியத்துக்குள் முடிந்தது. பேச்சு அதிகம் இல்லை. “இத இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பின்னு” என்றாள் ஒரு தடவை. நெருக்கிப் பின்னினேன்.

ஜூலை 28, சனி
கல்தாவிடம் ஏணியை எடுக்கச் சொன்னேன். எதற்கு என்றார். சொன்னேன். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“மூணு வருஷம் கழிச்சு என்னன்னு சொல்லிக் கொடுக்கறது?”

“ஒண்ணும் சொல்ல வேணாம். அத்தான்கிட்ட கொடுத்துட்டு வந்துடுங்க.”

ஆணி பிடுங்கியைத் தேடப் போனார்.

ஆகஸ்ட் 3, வெள்ளி
சந்தை. அக்கா தன் கிழங்கு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து என் மேசையிலேயே பாதியில் கடை விரித்தாள். தகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதியம் கூடையைக் கவிழ்த்துக்கொண்டே, “இங்க பாரு, அடி போடக் கத்துத் தரேன், ரெண்டு நாள்ல வந்துடும்” என்றாள்.

வேண்டாம்க்கா, எனக்குக் கை வராது என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே பின்னச் சொன்னாள்.

இப்போது மழை. சமையல் கொட்டகையில் ஓரமாக ஒழுகுகிறது, பெரிய சட்டியை வைத்திருக்கிறேன். அக்கா வீட்டு அடுப்புப் புகை இங்கிருந்தே தெரிகிறது.