உன் குரலில் வந்த எச்சரிக்கை

மழை விடாத ஒரு காலையில் உன் குரலைக் கேட்டேன். தேநீர் வைக்கப் போனவள் அடுப்பைப் பற்றவைக்காமல் அப்படியே நின்றுவிட்டேன்.

"யாரும் வீட்ட விட்டுப் போவாதீங்க. வெள்ளம் வருதுன்னு சொல்லி வெளிய அனுப்பிட்டு, எடத்த எடுத்துக்கப் போறாங்க."

உங்கள் ஆற்றோரத் தெருவின் வாட்ஸாப் குழுவில் வந்திருந்தது. 'வெள்ளம்' என்பதை நீ லேசாக இழுப்பாயே, அந்த இழுப்புகூட இருந்தது. உனக்கு முதல் வருடத் திதி கொடுத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அரியாங்குப்பத்தில் உன் குரல் தெரியாதவர்கள் குறைவு. தண்ணீர் வராது, தடுப்பூசி முகாம், புயல் எச்சரிக்கை, எதுவானாலும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி நீதான் சொல்வாய். அரசு அலுவலகத்தில் கொடுத்த காகிதத்தைத் தெருவின் பேச்சுக்கு மாற்றிவிடுவாய். "நம்ம பொண்ணு சொல்லுது" என்று ஜனங்கள் கிளம்புவார்கள். ஒன்றாகப் படித்த நான் ஏசி அறையில் வேலைக்கு உட்கார்ந்ததைச் சொல்லிக் கேலி செய்வாய். "நீ ஃபைலப் பாத்துப் பேசுற. நான் ஊரப் பாத்துப் பேசுறேன், அவ்ளோதான்."

பிறகு அந்த மழைக்காலம். "ரெண்டு நாளைக்குத்தான், ஸ்கூல்ல தங்கிட்டுத் திரும்பி வந்துடலாம்" என்று ஆற்றை ஒட்டிய முதல் வரிசை வீடுகளுக்குச் சொன்னாய். அலுவலகத்தில் உன்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். வெள்ளம் வடிந்து அவர்கள் திரும்பியபோது வீடுகளை இடித்து வேலி போட்டிருந்தார்கள். உன் வாசலில் வந்து திட்டினார்கள். கதவைச் சாத்தாமல் நின்று கேட்டுக்கொண்டாய். அதற்குப் பிறகு மைக்கைத் தொடவே இல்லை.

"என்னத் திட்டுறது போவட்டும்டி," என்றாய் ஒருநாள், மீன் அலசிக்கொண்டே. "இனிமே நெஜமாவே வெள்ளம் வந்தாலும் கவர்மெண்ட்டு சொன்னா ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க. எவன் நல்லாப் பேசுறானோ அவன் பின்னால போவாங்க."

அது உன் குரலிலேயே வருமென்று நீயும் நினைத்திருக்க மாட்டாய். பலருடைய ஃபோனில் கிடந்த உன் பழைய அறிவிப்புகளை யாரோ ஒரு செயலிக்குக் கொடுத்துப் பேச வைத்திருக்கிறார்கள். யார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

உன் வீட்டுக்கு ஓடினேன். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி ஜீப் ஒன்று அறிவித்துவிட்டுப் போயிருந்தது. தெருவில் ஒரு வீடுகூடப் பூட்டியிருக்கவில்லை. உன் மகள் செல்வி கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது அம்மா இல்ல செல்வி. மெஷின் பேசுது. கெளம்பு."

"தெரியும் ஆண்ட்டி."

"அப்புறம்?"

"அம்மா இருந்திருந்தா இதத்தான சொல்லியிருக்கும்? போன தடவ ஸ்கூலுக்குப் போனவங்க இப்ப எங்க இருக்காங்க, சொல்லுங்க."

குழந்தையின் துணிகளை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினேன். வாசலில் நின்றிருந்த எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "உங்களுக்கு மாடி வீடும்மா. நீங்க சொல்லுவீங்க."

மதியத்துக்கு மேல் ஆறு தெருவுக்குள் வந்தது. படியேறி, கூடத்தைத் தாண்டி, தொட்டிலின் அடியில் தண்ணீர் நுழைந்தபோதுதான் செல்வி எழுந்தாள். குழந்தையைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தோம். எதிர்வீட்டுக்காரரும் பின்னால் வந்தார். யார் சொல்லியும் யாரும் கிளம்பவில்லை. தண்ணீர்தான் கிளப்பியது. இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் யாரும் பேசுவதில்லை.

செல்வியும் குழந்தையும் இப்போது என் வீட்டில் இருக்கிறார்கள். வெள்ளம் வடிந்துவிட்டது. தெருவுக்குள் இன்னும் யாரையும் விடவில்லை. பாதுகாப்புக்காக என்கிறார்கள். அதைப் பொய்யென்று சொல்ல முடியவில்லை, நம்பவும் முடியவில்லை.

மருத்துவமனையிலிருந்து நீ எனக்குக் கடைசியாகப் பேசி அனுப்பியதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். "வரும்போது முறுக்கு வாங்கிட்டு வாடி, இங்க குடுக்குறத வாய்ல வைக்க முடியல." எப்போது கேட்டாலும் அழுகை வரும். நேற்றும் போட்டுப் பார்த்தேன். அழவில்லை. இது நீதானா என்று, காதோடு வைத்து, எங்காவது பிசகுகிறதா எனத் தேடிக்கொண்டிருந்தேன்.