சிவப்பு பூசிய நாடு

அன்பு மகளுக்கு,

இங்கே நான், உன் அண்ணன், அண்ணி எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி வாலுக்குட்டியும் அங்கே சுகம்தானே என்று எழுத வந்தேன், கை நின்றுவிட்டது. அங்கே சுகமில்லை என்று மேடை ஏறிச் சொன்னவளே நீதானே.

உன் பேச்சை அண்ணன் போனில் பார்த்தோம். மேல்வீட்டுத் தையல்காரம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன். ஐந்தாவதோடு நின்றவளின் மகள் இத்தனை கோட்டுக்காரர்கள் முன்னால் நிமிர்ந்து பேசுகிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தம்மா உன் சட்டையில் தோள் தையல் சரியில்லை என்றாள், வயிற்றெரிச்சல், விடு. அண்ணன் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டு பாலைவன நாடு, இரண்டிலும் மழை கிடையாது, கடல்தண்ணீரை மெஷினில் விட்டு உப்பை எடுத்துத்தான் குடிக்கிறார்கள், சாப்பாடெல்லாம் கப்பலில் வரவேண்டும், பெரிய கஷ்டம் வந்தால் எது முதலில் குலைந்துபோகும் என்று நீ ஆராய்ந்திருக்கிறாய் என்றான். அப்புறம் படம் வந்தது, ஒரு நாடு பச்சை, ஒரு நாடு சிவப்பு. இவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். இங்கிலீஷ் எழுத்துதான் எனக்குத் தெரியாது, நீ போனதிலிருந்து உன் நாட்டுப் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டித் தினமும் துடைக்கிறேனே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மூக்கு எனக்குத் தெரியாதா. சிவப்பில் இருந்தது நீ.

ஏண்டா மறைக்கிறாய் என்று உலுக்கிய பிறகு மீதியைச் சொன்னான். பச்சை நாட்டில் தானியமும் தண்ணீரும் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்களாம், கப்பல் வர இரண்டு பக்கமும் கடலாம். உங்களுக்கு ஒரே துறைமுகம், சேமிப்பும் கம்மி. அதைவிட, மெஷினை ஓட்டுகிறவர்களில் பாதிக்குமேல் வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள், பயம் வந்தால் முதலில் மூட்டை கட்டுவது அவர்கள்தான், அப்புறம் குழாய் நின்றுவிடும் என்றாயாம். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாய், நான் பார்த்தேன். ஏம்மா, அந்தத் தண்ணீர் மெஷினில் வேலை பார்ப்பது என் மாப்பிள்ளைதானே.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இடியப்போகிற வீடு என்று நீயே சொல்லிவிட்டு அதே வீட்டுக்கு ஜன்னல் திரை வாங்கியிருக்கிறாய். பச்சை நாட்டில் வேலை தேடு, இல்லையென்றால் வாலுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடு என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். மனசு கேட்காமல் முதலில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் எப்போது கிளம்புவீர்கள் என்று நேராகவே கேட்டேன். மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். நான் போய்ட்டா இந்த ஜனங்களுக்குத் தண்ணி யார் அத்தை விடுவா என்றார். எனக்குக் கோபம் வந்தது, கூடவே பெருமையும் வந்தது, அதனால் இன்னும் கோபம். அவர் நின்றால் நீயும் நிற்பாய், வளர்த்தவளுக்குத் தெரியாதா.

சரி, குளியல் தொட்டி எந்நேரமும் நிரம்பியிருக்கட்டும். அரிசியைக் கூடுதலாக வாங்கி வை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முகம் கொடுத்துப் பேசு, உனக்கு அது வராது, பழகிக்கொள். நான் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டேன். சிவப்பு நாட்டுக்கா போகிறாய் என்று அண்ணன் கத்துகிறான், கத்தட்டும். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். மறக்காமல் ஒன்று செய், ஓடிப்போகிறவர்களை எல்லாம் கணக்குப் போட்டாயே, உள்ளே வருகிறவர்கள் பக்கத்தில் என்னைச் சேர்த்துக்கொள்.

உன் அம்மா,
வாலுக்குட்டியின் பாட்டி